ஆயிரம் புகைபோக்கிகளின் நகரிலே

பாரிஸ் மாநகரின் வட புகையிரத நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் லாச்சப்பல் வந்துவிடும். கறிவேப்பிலை வாசமும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் அங்கே நம்மை எதிர்கொள்ளும். முருங்கைக்காய், புடைவைக் கடை, நகைக் கடை, முடிதிருத்தும் நிலையம் என்று, யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியில் ஒரு துண்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தாற்போன்ற தெரு அது. சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் என் தமையனார் வீட்டிலே தங்கியிருந்தபோது, அத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் பழைய மாணாக்கர் ஒருவரைக் காணச் சென்றேன். உண்மையைச் சொன்னால், செல்வதற்குக் கொஞ்சம் கூசினேன். என் சொல்லைக் கேட்டு நட்டப்பட்டவர் அவர்.

அவருடைய தொழில் பதங்கமாதல் அச்சு. விளையாட்டுக் கழகங்களின் சட்டைகளிலும், பிறந்தநாட் பரிசாகக் கொடுக்கும் கிண்ணங்களிலும், விழாக்களுக்குத் தூக்கும் பதாகைகளிலும் இப்பொழுது நாம் காணும் பளிச்சென்ற படங்களிற் பெரும்பாலானவை இம்முறையால் ஆனவையே. படத்தை முதலிலே கடதாசியில் இடம் வலம் மாற்றி அச்சிடுவார்கள். கடதாசியிலுள்ள நிறத்தைப் பார்த்தால் யாருக்கும் மனம் சலித்துப்போகும்; அவ்வளவு மங்கல். அக்கடதாசியைப் பொலியெஸ்தர்த் துணியின்மேல் கவிழ்த்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில், ஒரு நிமிடம் வரை அழுத்துவார்கள். சாயம் நீராய் உருகாமல் நேரே ஆவியாகித் துணிக்குட் புகுந்துவிடும். கடதாசியைத் தூக்கினால் துணியிலே படம் மயிற்றோகைபோல விரிந்து கிடக்கும். பெட்டிக்குள் வைத்த கற்பூரம் உருகாமலே நாளுக்கு நாள் சிறுத்துப்போவதை நாம் கண்டிருக்கிறோமல்லவா? அதே தன்மைதான் இதுவும்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவரிடம் ஒரு முதியவர் வந்தார். பாரிசுக்கு வெளியே சிறிய உணவுச்சாலை ஒன்றை நடத்துபவர். வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990 ஆம் ஆண்டிலே ஊரைவிட்டுப் புறப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. பிறந்து வளர்ந்த வீடு இப்பொழுது இல்லை. அதன் கலர்ப்படம் ஒன்று மாத்திரம் எவருடைய திருமண அல்பத்திலிருந்தோ கிடைத்திருந்தது. முன்விறாந்தை, இரண்டு தூண்கள், முற்றத்து மாமரம், இடது பக்கத்திற் கிணறும் துலாவும். அந்தப் படத்தைத் தம் கடையின் பெரிய யன்னலுக்குச் சுருட்டுத் திரையாக அச்சிட்டுத் தரும்படி கேட்டார். காலையில் வெயில் எழும்போது, திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் பட, வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

பொதுமக்கள் கூடுமிடங்களில் எளிதிலே தீப்பற்றாத துணியைத்தான் தொங்கவிட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தீயை அறவே அறியாத துணி யாது? கண்ணாடி நாரால் நெய்த துணி. மாணாக்கர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சேர், கண்ணாடித் துணியிலை இந்த ஆவி படியுமோ?"

நான் இரண்டாம் முறை யோசிக்கவில்லை. "ஏன் படியாது? அயடீன் பரிசோதனையை மறந்துவிட்டீரா?" என்று கேட்டேன்.

இரசாயனவியல் படித்த வாசகருக்கு அந்தப் பரிசோதனை நினைவிருக்கும். முகவையில் அயடீன் பளிங்குகளை இட்டு, மேலே குளிர்ந்த நீருள்ள குடுவையை வைத்து, கீழே மெல்லச் சூடாக்கினால் ஊதா நிற ஆவி எழும். குடுவையின் அடிப்புறத்திலே கருமையாகப் பளபளவென்று மீண்டும் பளிங்காகப் படியும். குடுவை கண்ணாடி, ஆகவே கண்ணாடியில் ஆவி படியும். என்னுடைய தருக்கம் இவ்வளவுதான்.

மாணாக்கர் ஒரு சுருள் துணி வாங்கினார். அழுத்தினார். வெளிறிய ஒரு படம் தோன்றியது. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தார். விறாந்தையும் மாமரமும் துடைத்த துணிக்கு வந்துவிட்டன. பின்னர், கண்ணாடி நாருக்கு மேலே பி.வி.சி. பூசிய யன்னற்றிரைத் துணி ஒன்றில் முயன்றார். சூடு குறைத்தும் துணி இளகிப் புகைந்தது. ஆயினும் படம் விழுந்தது. மகிழ்ந்து கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் ஓரங்கள் கசியத் தொடங்கின. துலாவும் கிளையும் வேறு பிரித்தறிய முடியாதபடி ஒன்றுக்குளொன்று ஓடிப்போயின. முதியவர் கோபிக்கவில்லையாம். "பரவாயில்லைத் தம்பி, என்ரை ஞாபகமும் இப்ப உப்பிடித்தான்" என்று சொல்லித் திரையைச் சுருட்டி வைத்துவிட்டாராம். இதைக் கேட்டபோது, அவர் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்குமே என்று எனக்குத் தோன்றியது.

அச்சுக்கூடத்து மூலையிலே அந்தக் கண்ணாடித் துணிச்சுருளின் மிச்சம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை மாணாக்கர் கண்டார்.

"அதை விடுங்கோ சேர். இந்த அச்சு பிறந்த ஊர் வடக்கை, கிட்டத்தான். நாளைக்குக் கடை பூட்டு. போவமா?" என்றார்.

மறுநாட் காலையிற் புறப்பட்டோம். கடுகதிப் புகையிரதம் ஒரு மணித்தியாலத்தில் லீல் நகருக்குக் கொண்டுபோய்விட்டது. வழியெல்லாம் மலையென்று சொல்ல ஒரு மேடுகூட இல்லாத வயல்வெளி. லீலிலிருந்து சாரதியில்லாத நிலக்கீழ் வண்டியொன்று ரூபே நகருக்கு ஓடுகிறது. சாரதியின் இடத்திலே ஒரு குழந்தை உட்கார்ந்து வண்டியைத் தானே ஓட்டுவதாகப் பாவனை செய்துகொண்டு வந்தது. தாய்க்கும் எங்களுக்கும் நல்ல பொழுதுபோக்கு.

பெல்ஜிய எல்லையோடு ஒட்டிக்கிடக்கும் ரூபேயை 'ஆயிரம் புகைபோக்கிகளின் நகரம்' என்று ஒரு காலத்தில் அழைத்தார்கள். கம்பளி நூற்றலும் நெசவும் சாயமிடுதலும் 19 ஆம் நூற்றாண்டில் அச்சிற்றூரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பட்டினமாக்கின. 1870 களில் அங்கு வாழ்ந்தோருட் பாதிக்கு மேற்பட்டோர் எல்லைக்கு அப்பாலிருந்து தொழில் தேடி வந்த பெல்ஜியர். பின்னர் போலந்து, இத்தாலி, போர்த்துக்கல், அல்ஜீரியா என்று வெவ்வேறு நாட்டார் வந்தனர். செங்கல்லாற் கட்டிய ஒடுங்கிய தொழிலாளர் வீடுகள் இன்னும் வரிசை வரிசையாக நிற்கின்றன. துவிச்சக்கர வண்டிப் பிரியர்களுக்கு இந்நகரின் பெயர் வேறொரு வகையிலே தெரிந்திருக்கும்: 1896 இல் ஆரம்பித்த, கருங்கற் பாதைகளின்மேல் ஓடும் பாரிஸ்-ரூபே ஓட்டப்பந்தயம் முடிவடைவது இங்கேதான்.

நகர நடுவிலே கோட்டைபோலக் கொத்தளங்களோடு நிற்கும் கட்டடமொன்றைக் கண்டு, அரசமாளிகையோ என்று மயங்கினேன். அது மொத்-பொசு குடும்பத்தாரின் பழைய பஞ்சாலை. 1993 ஆம் ஆண்டு முதல் தேசிய தொழில் உலகச் சுவடிக்கூடமாக விளங்குகின்றது. ஆலைக் கணக்குப் புத்தகங்களையும் தொழிற்சங்கக் கடிதங்களையும் அரசன் ஆவணம்போலப் பேணுகிறார்கள். நமது நாட்டிலே மூடப்பட்ட தொழிற்சாலைகளின் கடதாசிகள் எங்கே போயின என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

இந்நகரின் எல்லையிலே 1911 இல் ஜோன் புரூவோ என்பவர் தொடக்கியது 'லா லெனியேர் த ரூபே' என்னும் பெரிய கம்பளி ஆலை. 1957 ஏப்பிரலில் இரண்டாம் எலிசபெத் இராணியார் பிரான்சுக்கு விருந்தினராக வந்தபோது இவ்வாலையைச் சுற்றிப் பார்த்தார். அன்று இலங்கைக்கும் அவரே இராணி. அதே 1957 ஆம் ஆண்டிலேதான், அந்நிறுவனத்திற் பணிபுரிந்த நொயெல் த பிளாஸ் என்னும் ஆய்வாளர், சில சாயங்கள் சூட்டிலே நேரே ஆவியாகிச் செயற்கை நாருக்குட் செல்வதைக் கண்டறிந்தார். இராணியின் வருகையைப் படம்பிடிக்க வந்தவர்களில் எவரும் அந்த ஆய்வாளரைப் படம்பிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் இன்று உலகத்தின் எந்த மூலையிலும் ஒரு சிறுவனுடைய விளையாட்டுச் சட்டையின் முதுகிலே அவர் கண்டது இருக்கிறது. ஆலையோ 2000 ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. ஒரு காலத்திலே ஆயிரக்கணக்கானோர் சங்கு ஊதியவுடன் உள்ளே சென்ற கட்டடங்களிற் பெரும்பாலானவை இன்றில்லை.

பழைய நெசவாலை ஒன்றை 'லா மனுபக்தியூர்' என்ற பெயரில் நெசவுத்தொழில் நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள். கையால் ஓட்டிய பழந்தறி முதல் கணினியால் ஓடும் தறி வரை வரிசையாக நிற்கின்றன; சிலவற்றை ஓட்டியும் காட்டுகிறார்கள். ஒரு தறி ஓடியபோதே பக்கத்தில் நின்றவர் பேச்சுக் கேட்கவில்லை. நூறு தறி ஓடிய மண்டபத்திலே பெண்கள் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள் என்பதில் வியப்பில்லை.

அங்கே, பேரப்பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு முதியவர் எங்களோடு பேச்சுக்கொடுத்தார். சாயப்பட்டறையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தவராம். மாணாக்கர் தம் தொழிலைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வெளியே வந்து கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். மாணாக்கர் பையிலிருந்து அந்தக் கண்ணாடித் துணியில் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சொல்லாமலே கொண்டுவந்திருக்கிறார்!

கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கவில்லை; பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பார்த்தார். பிறகு ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து, தீப்பெட்டிக் குச்சியைக் கிழித்து அதன் நுனியிற் பிடித்தார். பட்டறையிலே துணி இன்னதென்று அறிய அவர்கள் செய்யும் முதற் சோதனை அதுவாம். கம்பளி, மயிர் கருகிய மணத்தோடு பொசுங்கும். பருத்தி, கடதாசிபோல எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்தர் உருகிக் கறுத்த மணியாகத் திரளும். இந்த நூலோ செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. தீயை எடுத்ததும் பழையபடி வெள்ளையாக நின்றது. மணமுமில்லை, புகையுமில்லை. அவர் சிரித்து, மாணாக்கரிடம் பிரெஞ்சிலே ஏதோ சொன்னார். "இதுக்கு வாசல் இல்லையாம் சேர், சாயம் எங்காலை உள்ளுக்குப் போறது எண்டு கேக்கிறார்" என்று மாணாக்கர் எனக்குச் சொன்னார்.

இருபது வருடமாக வகுப்பிலே நின்று பேசிய எனக்கு அப்பொழுதுதான் விளங்கியது. பொலியெஸ்தர் என்பது நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் நெருங்கிக்கிடக்கும் பொருள். சூடு 80 பாகையளவைத் தாண்டும்போது சங்கிலிகள் தளர்ந்து அசையத் தொடங்கும். 200 பாகையிலே அவற்றினிடையே சாய மூலக்கூறு தாராளமாக நுழையும். ஆறியதும் சங்கிலிகள் இறுகிவிடும். சாயம் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். ஆகையாற்றான் எத்தனை முறை துவைத்தாலும் போவதில்லை. கண்ணாடி அப்படியன்று. நார் செய்யும் கண்ணாடி இளகுவதற்கு 800 பாகைக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டிலே சாயமும் இராது, அழுத்தும் பொறியும் இராது. ஆகவே ஆவி கண்ணாடியின் மேலே படியும், உள்ளே போகாது. படிதல் வேறு, புகுதல் வேறு. அயடீன் படிந்த அந்தக் குடுவையை ஒவ்வொரு வருடமும் பாடம் முடிந்ததும் ஒரு துணியாற் சுத்தமாகத் துடைத்து அலுமாரியில் வைத்தவன் நானேதான். துடைத்த கைக்குத் தெரிந்திருந்தது. படிப்பித்த வாய்க்குத் தெரியவில்லை.

பி.வி.சி. பூசிய துணியிலே நிகழ்ந்தது இதற்கு மறுதலை. அங்கே கதவு திறந்தபடியே இருந்தது. அத்துணியை வளையச் செய்வதற்காகக் கலக்கும் எண்ணெய்போன்ற பொருள், ஆறிய பின்னும் சாயத்தை நகரவிட்டுக்கொண்டிருக்கும். அதனாற்றான் படம் கசிந்தது.

கண்ணாடி நாருக்கு நிறம் கொடுக்க முடியாதென்று இதனாற் கொள்ளவேண்டாம். கண்ணாடி நாரையும் பட்டையும் சேர்த்து நெய்த ஆடையொன்றை 1893 இலேயே சிக்காகோ உலகக் கண்காட்சியில் வைத்தார்கள். 1950 களில் அமெரிக்க வீடுகளிலே பூப்போட்ட கண்ணாடித் திரைகள் தொங்கின. ஆனால் அந்தப் பூக்கள் நாருக்குட் புகுந்தவையல்ல, பிசினாலே மேலே பிடித்துவைக்கப்பட்டவை. நம்முடைய குருநகர், பருத்தித்துறைக் கடற்றொழிலாளரைக் கேட்டால் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள். பைபர் வள்ளத்தின் நீலமும் சிவப்பும் அதிலுள்ள கண்ணாடி நாரிலா இருக்கின்றன? மேற்பூச்சுப் பிசினிலே கலந்தல்லவா பூசுகிறார்கள்! பருத்திக்குச் சாயவேர் ஏற்றுவதற்கு முன் படிகாரத்திலே தோய்த்த நம் பழைய சாயக்காரரும், நாருக்கும் நிறத்துக்கும் இடையே ஒன்று நின்று இணக்கவேண்டும் என்பதை அறிந்தவர்களே.

கிழவரிடம் விடைபெற்று, பிற்பகலிலே 'லா பிசீன்' என்ற நூதனசாலைக்குப் போனோம். 1932 இலே தொழிலாளர் குடும்பங்களுக்காகத் திறந்த நீச்சற் குளம் அது. குளிப்பறை இல்லாத அவ்வீடுகளிலிருந்து பிள்ளைகளும் பெரியவர்களும் உடல் கழுவவும் நீந்தவும் இங்கே வந்தார்கள். 1985 இல் மூடப்பட்டு, 2001 இல் கலைக்கூடமாயிற்று. குளத்தை முற்றாகத் தூர்க்காமல் நடுவிலே நீர்ப்பட்டையொன்றை விட்டிருக்கிறார்கள். இரு மருங்கிலும் சிலைகள். பழைய குளியல் அறைகளிலே காட்சிப்பொருள்கள். இடையிடையே, எங்கிருந்தோ, பிள்ளைகள் நீரிற் குதித்துக் கூச்சலிடும் ஒலி கேட்கும். பதிவு செய்த ஒலிதான். ஆயினும் முதல் முறை திடுக்கிட்டுத் திரும்பினேன். இவ்வூரில் நெய்த துணிகளின் மாதிரிகளை ஆயிரக்கணக்கிற் சேர்த்து வைத்திருப்பதும் இங்கேதான்.

மண்டபத்தின் இரண்டு முனைகளிலும் அரைவட்டமாக இரண்டு பெரிய நிறக்கண்ணாடிச் சாளரங்கள். ஒன்று உதய சூரியன், மற்றது அந்தி சூரியன். மஞ்சளும் செம்மஞ்சளும் நீரிலே விழுந்து அசைந்துகொண்டிருந்தன. பழங்காலம் முதல் கண்ணாடிக்கு நிறம் கொடுத்த வழி வேறு: அது உலையிலே உருகும்போதே உலோக ஒட்சைட்டைக் கலந்துவிடுவது. கோபால்ற்று கலந்தால் நீலம். பிறக்கும்போதே நிறத்தோடு பிறக்கவேண்டும். நான் இதைச் சொல்லத் தொடங்கியபோது மாணாக்கர் கேட்கவில்லை. உதய சூரியனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேர், அந்த ஐயா கேட்டது இப்பிடி வெளிச்சத்தைத்தான்" என்றார்.

திரும்பும் வழியிலே வண்டியில் இருந்தபடியே கணக்குப் போட்டோம். பிரெஞ்சுச் சட்டம் கண்ணாடிதான் வேண்டுமென்று சொல்லவில்லை. துணிகள் தீப்பற்றும் தன்மைக்கு ஏற்ப எம் 0 முதல் எம் 4 வரை அங்கே வகுக்கப்பட்டிருக்கின்றன. நார் செய்யும்போதே தீயை எதிர்க்கும் சேர்க்கை கலந்த பொலியெஸ்தர் எம் 1 வகுப்பில் அடங்கும். பதங்கமாதல் அச்சும் அதில் நன்றாக ஏறும். இதை முன்னமே கேட்டிருக்கலாம். ஆனால் கேள்வியைக் கண்ணாடி என்று நாங்கள் பிடித்துக்கொண்ட பின், வேறு பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் துணிக்கு என் பணப்பையைத் திறந்தபோது மாணாக்கர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாதிக்குப் பாதி என்று ஒருவாறு இணங்கினார்.

நான் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு திரையைக் கொண்டுபோய் மாட்டினோம். மாலை நேரம், காலை வெயிலுக்குக் காத்திருக்க முதியவருக்குப் பொறுமையில்லை. ஈரத்துணியை எடுத்துத் தாமே இரண்டு மூன்று தடவை அழுத்தித் துடைத்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. பின்னர் கடை விளக்குகளையெல்லாம் போட்டுவிட்டு வெளியே போய், தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று கனநேரம் பார்த்தார். மெல்லத் திரும்பி வந்து கதிரையை யன்னலுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாஸ்ரர், றோட்டிலை நிண்டு பார்த்தால் கிணறு மற்றப் பக்கம் நிக்குது" என்றார். "உள்ளுக்கை இருந்து பார்த்தால்தான் சரி."

பிறகு எங்களுக்குத் தேநீர் கொண்டுவரும்படி உள்ளே குரல் கொடுத்தார்.